கூட்டத்துக்கு ஒரு கட்டம்

போன தடவை பெரியவன் ஊருக்கு வந்திருந்தபோது போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். "இருக்கற டேபிள்ல புதுசா ஒரு ஃபீல்டு சேர்க்கணும். உள்ள இருக்கற டேட்டா ஒண்ணும் போயிடக் கூடாது" என்றான். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான், "போகாது சாமி. ஆனா புதுக் கட்டம் காலியா நிக்கும். அதுதான் ஆளைக் குழப்பும்" என்றேன். அவன் போனை வைத்துவிட்டுச் சிரித்தான். சின்னவள் அதற்கு மேல் சிரித்தாள். அப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே முன்னுக்குப் பின் மாறிப்போனது. அதனால் எழுதுகிறேன். எழுதினால் மட்டும் எனக்குத் தெளிந்துவிடுமா என்பது வேறு விஷயம்.

உங்களுக்குக் கூட்டம் என்றால் பஸ் ஸ்டாண்டுக் கூட்டம்தான் தெரியும். நம் பக்கத்தில் கூட்டம் என்பது குலப் பிரிவு. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் பங்காளிகள். முன்பின் பார்த்திருக்கவே வேண்டாம், ஒருவன் மேட்டூர்ப் பக்கமும் ஒருத்தி கரூர்ப் பக்கமும் இருக்கட்டும், கூட்டம் ஒன்றென்றால் அண்ணன் தங்கைதான். கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. அதனால் பெண் பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்பதே, "நீங்க என்ன கூட்டமுங்க?" என்பதுதான்.

எண்பதுகளின் கடைசியில் நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். பத்தாவது வரை படிப்பு, டைப்ரைட்டிங் ஹையர், அவ்வளவுதான் என் தகுதி. மையம் ஒரு மொத்த மளிகைக் கடையின் மாடியில் இருந்தது. கீழே மிளகாய் மூட்டை பிரித்தால் மேலே பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து தும்முவார்கள். நல்ல காரியம் பேசும்போது தும்மல் ஆகாது என்று எங்கள் முதலாளி கடைக்காரரிடம் கெஞ்சி, முகூர்த்த நாட்களில் மிளகாய் பிரிக்காமல் பார்த்துக்கொண்டார்.

அங்கே ஒவ்வொரு பையனுக்கும் பெண்ணுக்கும் ஓர் அட்டை. பெயர், ஊர், நட்சத்திரம், படிப்பு, வேலை, நிலம், உயரம், நிறம் எல்லாம் அதில் இருக்கும். கூட்டம் மட்டும் இருக்காது. எழுதத் தேவை இருக்கவில்லை. கூட்டத்துக்கு ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தோம், சதுரமான தகர டப்பா. மூடி மேல் சாக்பீஸால் கூட்டத்தின் பெயர். ஒருவருக்கு வரன் பார்க்கும்போது அவருடைய டப்பாவைத் தொடாமல் மற்ற டப்பாக்களைத் திறந்தால் போதும். அட்டை எந்த டப்பாவில் கிடக்கிறதோ, அதுதான் அதன் கூட்டம்.

கோயமுத்தூரில் எங்கோ கம்ப்யூட்டரில் ஜோடி சேர்க்கிறார்கள் என்று முதலாளிக்குச் சேதி வந்தது. உடனே சேலத்திலேயே ஃபேர்லேண்ட்ஸில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பேசி முடித்துவிட்டார். அங்கே ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் ஆபரேட்டராக இருந்தார். ஊர் வாரியாக அடுக்கிக் கொடுத்தால் அடிக்கச் சுலபம் என்று அவர் சொல்லியனுப்பினார். முதலாளி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எல்லா டப்பாக்களையும் கவிழ்த்து, தன் கையாலேயே ஊர் வாரியாக அடுக்கி, சாக்கில் கட்டினார். டப்பாக்களைக் கீழே கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அடித்த பெண்ணுக்குத் தோன்ற நியாயமே இல்லை. அவர்கள் ஊர்ப் பக்கம் வேறு முறை.

அட்டைகள் கம்ப்யூட்டருக்குள் போய், முதல் பட்டியல்கள் அச்சாகி, ஆளுக்கொன்று கொடுத்தோம். மறு வாரமே ராசிபுரத்துப் பக்கத்துக்காரர் ஒருவர் படியேறி வந்தார். காகிதத்தை மேசையில் விரித்தார்.

"ஏனுங்க, இது உங்க கம்ப்யூட்டர் குடுத்ததுங்களா?"

"ஆமாங்க" என்றார் முதலாளி பெருமையாக.

"நல்லாப் படிச்ச மிசினுங்களா?"

"அதுக்குத் தெரியாதது இல்லீங்க."

"அப்படீங்களா. இந்த மூணாவது பையன் யாருன்னு அதையே கேளுங்க. எம்பட பங்காளி மவனுங்க. போன மாசம் எங்கூட்டுச் சாவுக்கு எங்கூட உக்காந்து மொட்டை போட்டவன். இன்னும் முடி கூட வளரலீங்க, அவனுக்கு எம்புள்ளையக் கட்டி வெக்கச் சொல்றீங்க!"

முதலாளி அந்தக் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டப்பா!" என்றார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். டப்பாக்கள் கடை அலமாரியில் வரிசையாக இருந்தன. சாக்பீஸ் எழுத்தைத் துடைத்துவிட்டு லேபிள் ஒட்டியிருந்தார்கள். கடைக்காரர் ஒரு மூடியைத் திறந்து காட்டினார். "உள்ள சீரகம் இருக்குதுங்க. வேணுங்களா?"

முதலாளி அன்றே முடிவு செய்தார். கம்ப்யூட்டரில் கூட்டத்துக்கு ஒரு கட்டம் போட வேண்டும். அதுவரை யாருக்கும் பட்டியல் கிடையாது. அவருக்குத் தெரிந்த குடும்பங்களின் கூட்டத்தை அவரே சொல்லுவார். தெரியாதவர்களுக்குத் தபால் கார்டு போட்டு நேரில் வரச் சொல்ல வேண்டும்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கவலை இருந்தது. உங்கள் அத்தை.

அப்போது என் அப்பா, உங்கள் தாத்தா, இறந்து சில வருடம் ஆகியிருந்தது. தங்கைக்குக் கல்யாணம் செய்து வைக்க வேண்டியது நான். வந்த இடங்களையெல்லாம் ஒவ்வொரு சாக்காகத் தட்டிவிட்டவள், நாமக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த பிறகு அம்மாவிடம் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் வீட்டுப் பையன். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தானாம். ரசம் கேட்ட இடத்தில் பாயசத்தை ஊற்றிவிட்டு அவனே சிரித்தானாம். அவ்வளவுதான் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை அது மிக அதிகம். அம்மா அந்தக் கல்யாண வீட்டில் விசாரித்தாள். அவன் தங்களுக்கு உறவில்லை, பழக்கம்தான் என்றார்கள். அதற்கு மேல் கேட்டால் காரணம் தெரிந்துவிடும். பெண் வீட்டார் வலியப் போய்க் கேட்டால் இறங்கிப்போனதாக ஆகிவிடும் காலம் அது.

அந்தப் பையனுடைய அட்டையும் எங்கள் மையத்தில் இருந்தது. உங்கள் அத்தையுடையதும் இருந்தது. ஆனால் வேலை செய்கிறவர்கள் சொந்த வீட்டுக்காக வாய் திறக்கக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு. பட்டியலில் தானாக வந்தால்தான் உண்டு. அந்தப் பையன் எந்த டப்பாவில் இருந்தான் என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. முதலாளியிடம் ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். "அந்த ஆத்தோரத்துல பல கூட்டம் கலந்து கெடக்குதப்பா, நான் எதைக் கண்டேன்" என்றுவிட்டார்.

தினமும் வேலைக்குக் கிளம்பும்போது உங்கள் அத்தை வாசலில் நின்று கேட்பாள். "ஏண்ணா, உங்க மிசினுக்குள்ள நான் இருக்கறனா?"

"இருக்கற."

"அவுங்க?"

"அவங்களும் இருக்கறாங்க."

"அப்பறம் என்னத்துக்குத் திருப்பித் திருப்பி அங்க ஓடற?"

கட்டம் போடுகிற அன்று ஃபேர்லேண்ட்ஸுக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். செருப்பை வெளியே விட்டு ஏ.சி. அறைக்குள் நுழைந்தால் எனக்கு எப்போதும் கோயிலுக்குள் போவது போலிருக்கும், வேண்டிக்கொள்ளத்தான் ஒன்றும் இருக்காது. அன்றைக்கு வேண்டிக்கொண்டேன்.

"கூட்டம் என்கிற கட்டத்தை எங்க வைக்கணும் சார்?" என்று அந்தப் பெண் கேட்டார். அவர் அதை ஃபீல்டு என்பார். நான் கட்டம் என்றே எழுதுகிறேன்.

"நட்சத்திரத்துக்கும் படிப்புக்கும் நடுவுல வைக்கச் சொன்னாருங்க" என்றேன். சொன்ன பிறகு பயம் வந்தது. "ஏனுங்க, டவுன் பஸ்ஸுல சீட்டு நெறைய உக்காந்திருக்கறப்ப ஒருத்தர் நடுவுல நெருக்கி உக்காந்தா கடைசி ஆளு கீழ உழுந்துருவாருங்களே. நிறம், உயரமெல்லாம் உழுந்துராதுங்களா?"

அவர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "இது அப்படி இல்ல சார். சீட்டு அதிகமா வெச்சு புதுசா ஒரு பஸ் கட்டும். பழைய பஸ்ஸுல இருக்கறவங்களை ஒவ்வொருத்தரா எறக்கி, அவங்கவங்க சீட்டுல உக்கார வைக்கும். புது சீட்டு மட்டும் காலியா இருக்கும்."

"பழைய பஸ்ஸுங்க?"

"அதுவும் ஒரு ஓரமா நிக்கும், வேற பேருல. அதுக்கு முன்னாடி நான் தனியா இன்னொரு காப்பி எடுத்து வெச்சிடுறேன். ஒண்ணும் போவாது."

ஒரே ஆள் எப்படி மூன்று பஸ்ஸில் உட்கார முடியும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஜாப் என்றிருந்த கட்டத்தின் பெயரையும் மாற்றச் சொல்லியிருந்தார் முதலாளி. அதைச் சொன்னதும் அந்தப் பெண் கையை ஆட்டினார். "அது இன்னைக்கு வேணாம் சார். பேரையும் மாத்தி, அதே நேரத்துல புதுசும் சேர்த்தா, யாரை எங்க உக்கார வைக்கணும்னு அதுக்குத் தெரியாது. அந்தக் கட்டம் மொத்தமும் காலியாயிடும். ஒண்ணு ஒண்ணாச் செய்வோம்."

பிறகு கூட்டத்தின் பெயர் அதிகபட்சம் எத்தனை எழுத்து வரும் என்று கேட்டார். பிறந்ததிலிருந்து கூட்டத்தின் பெயரைச் சொல்லி வளர்ந்தவன் நான். ஒரு நாளும் அதை நீளத்தில் நினைத்ததில்லை. "பெருசாவே வெச்சுருங்க" என்றேன்.

திரையில் எழுத்துகள் ஓடின. நின்றன. முடிந்தது என்றார். சோதித்துப் பார்க்கலாம், ஒரு பையனைச் சொல்லுங்கள் என்றார். என் வாயில் வேறு யார் பெயர் வரும்? பரமத்தி வேலூர்ப் பையனைச் சொன்னேன். ஒரே கூட்டமாக இருந்தால் தள்ளிவிடு என்று ஏற்கெனவே ஒரு வரி சேர்த்திருந்தார். தட்டினார். சைபர் வந்தது. ஒரு பெண் கூட இல்லை.

வேறொரு பையனைப் போட்டார். சைபர். எடப்பாடிப் பையன், திருச்செங்கோட்டுப் பையன், யாரைப் போட்டாலும் சைபர்.

"போயிருச்சுங்களா?" என்றேன். மையத்தில் பதிந்திருந்த எல்லாப் பெண்களும் அந்தப் புதுப் பஸ்ஸில் ஏறும்போது எங்கோ விழுந்துவிட்டார்கள். என் தங்கையும் விழுந்துவிட்டாள். ஆபரேட்டரின் முகமும் மாறிவிட்டது. வேகமாக ஏதோ தட்டினார். பெயர்கள் வரிசையாக மேலே ஏறின. எல்லோரும் இருந்தார்கள். உங்கள் அத்தையின் பெயரும், நட்சத்திரமும், நிறமும், உயரமும் அப்படியே போனதைக் கண்ணால் பார்த்தேன்.

"ஆளு இருக்காங்க சார். ஜோடி மட்டும் வரலை" என்று சொல்லிவிட்டுக் கன்னத்தில் கை வைத்து யோசித்தார். பிறகு சட்டென்று சிரித்துவிட்டார். "கூட்டம் எல்லாருக்கும் காலியா இருக்குல்ல? இவருக்கும் காலி, அந்தப் பொண்ணுக்கும் காலி. காலியும் காலியும் ஒண்ணுன்னு எடுத்துக்குது. அதுக்குக் காலின்னா ஒரு கூட்டத்து பேரு மாதிரி."

"அப்படீன்னா?"

"இப்போதைக்கு சேலம், நாமக்கல்லுல எல்லாரும் அண்ணன் தங்கச்சி சார்."

அவருக்குச் சிரிப்பு. எனக்கு அதைத் தலைக்குள் ஏற்ற முடியவில்லை. தெரியாததும் தெரியாததும் எப்படி ஒன்றாக முடியும்? ஒருவரையொருவர் தெரியாத இரண்டு பேரைப் பார்த்து யாராவது சொந்தக்காரர்கள் என்பார்களா?

"யாருக்காவது கூட்டம் தெரிஞ்சா சொல்லுங்க, போட்டுப் பார்ப்போம்" என்றார். எனக்கு உறுதியாகத் தெரிந்தது எங்கள் கூட்டம்தான். உங்கள் அத்தையின் பெயரைக் காட்டிச் சொன்னேன். அடித்தார். திரும்பவும் பரமத்தி வேலூர்ப் பையனைப் போட்டார்.

ஒரே ஒரு பெயர் வந்தது. உங்கள் அத்தை.

அத்தனை பெண்களில் அவள் ஒருத்தி மட்டும். "இதை நம்பாதீங்க சார்" என்றார் அந்தப் பெண். "இவங்களுக்குக் கூட்டம் இருக்கு, அவருக்குக் காலி. ரெண்டும் வேறன்னு வந்திருக்கு. அவருக்கும் போட்டாத்தான் நெஜம் தெரியும்." தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு, அந்தத் தாளை அச்சடித்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் உங்கள் அத்தை அதைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் பார்த்தாள்.

"ஏண்ணா, நான் மட்டுந்தான் இருக்கறனா?"

"இல்ல கண்ணு, அது இன்னும் முடியல. அவங்க கூட்டம் காலியா இருக்கறதால..."

"காலியா இருக்கறதால?"

"உன்னுது காலியா இல்லாததால..." பஸ் உதாரணத்தைச் சொல்லிப் பார்த்தேன். புதுப் பஸ், காலி சீட்டு என்றதும் அம்மா, "அந்த ஊட்டுல பஸ் வேற ஓட்டறாங்களா சாமி?" என்று கேட்டாள். விட்டுவிட்டேன். அம்மா அந்தத் தாளை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாள். அன்று உங்கள் அத்தை பாயசம் வைத்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

முதலாளி போட்ட கார்டுக்குக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து கூட்டம் சொல்லிவிட்டுப் போயின. மழை பிடித்திருந்த ஒரு காலையில் பரமத்தி வேலூர்க்காரர் வந்தார், பையனின் அப்பா. துணிப்பையிலிருந்து ஒரு கட்டு வெற்றிலையை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"கூட்டம் தெரியாமலா இத்தன நாளு வரன் பாத்தீங்க?" என்று முதலாளியைக் கேட்டார்.

"டப்பாவுல இருந்துதுங்க. இப்பச் சீரகமாயிருச்சுங்க" என்றார் முதலாளி. வந்தவருக்கு என்ன புரிந்ததோ, சிரித்துவிட்டுத் தன் கூட்டத்தைச் சொன்னார்.

நான் டைப்ரைட்டரில் தாள் ஏற்றிக்கொண்டிருந்தேன். தாள் கோணலாக ஏறிவிட்டது. முதலாளி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் தங்கை விஷயம் அவருக்குத் தெரியாது. என் கூட்டம் தெரியும். அதனால் ஒரு நல்ல சேதி சொல்கிற முகத்தோடு, "நம்ம தம்பியும் உங்க கூட்டந்தானுங்க" என்றார்.

"அட, அப்படிச் சொல்லுங்க!" அந்தப் பெரிய மனிதர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கொடிக்காலில் வேலை செய்கிற கை, ஈரமாக, உறுதியாக இருந்தது. எந்த ஊர், கோயில் எது, அப்பா யார் என்று விசாரித்தார். அப்பா இல்லை என்றதும் பிடியை இன்னும் இறுக்கினார். "கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தங்கச்சிங்க. கல்யாணத்துக்குப் பாத்துட்டிருக்கறோம்."

"தனியா நிக்கறமுன்னு நெனைக்காதீங்க சாமி. பங்காளி நாங்க எதுக்கு இருக்கறோம்? தேதி வெச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லி உடுங்க. எம்பையனை முன்னாலயே அனுப்பி வெக்கறேன், அண்ணனா நின்னு எல்லா வேலையும் பாப்பான். பந்தி பரிமாறறதுன்னா அவனுக்கு உசுரு."

"செரிங்க" என்றேன்.

ஃபேர்லேண்ட்ஸில் அந்தப் பெண் வேலூர்க்காரர் சொன்ன கூட்டத்தை அடித்தார். பையனைப் போட்டுத் தட்டினார். வேறு கூட்டத்துப் பெண்களின் பெயர்கள் திரை நிறைய வந்தன. உங்கள் அத்தை வரவில்லை. "இப்பத்தான் சார் சரியா வேலை செய்யுது" என்றார் அவர் சந்தோஷமாக. மிசினுக்குள் மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். எண்ணினார். முன்னால் இருந்த அத்தனை பேரும் இருந்தார்கள். "நான்தான் சொன்னேன்ல? ஒண்ணும் போவாது."

அன்று வீட்டுக்குப் போனபோது உங்கள் அத்தை மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தே அரிவாளைக் கீழே வைத்துவிட்டாள். கூட்டத்தைச் சொன்னேன்.

அறுத்த தட்டை அள்ளி மாட்டின் முன்னால் போட்டாள். பிறகு, "அவுங்க பேரு மிசினுல அழிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. இருக்குது."

"எம்பேரு?"

"அதும் அப்படியேதான் இருக்குது. எதும் அழியல கண்ணு. ஒரு கட்டம் புதுசாச் சேர்த்துனோம், அவ்வளவுதான்."

"அப்பறம் எப்படிண்ணா நேத்து வரைக்கும் வந்துது?"

ஆபரேட்டர் பெண் சொன்னது முழுக்க எனக்கு ஞாபகம் இருந்தது. காலி, காலியில்லை, ஒன்று, வேறு. ஒவ்வொரு வார்த்தையும் சரி. சேர்த்துச் சொன்னால் என் தங்கைக்குச் சொல்கிற மாதிரி ஒன்றும் அமையவில்லை. அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போனாள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்து, அந்தக் காலத்து அச்சுத்தாளுக்கு இரண்டு ஓரமும் இருக்கும் ஓட்டைப் பட்டைகளை மட்டும் நீளமாகக் கிழித்துவிட்டு, நடுத்தாளை நான்காக மடித்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அதை என்ன செய்தாள் என்று தெரியாது. அந்தப் பட்டை இரண்டும் கொஞ்ச நாள் கன்றுக்குட்டியின் கழுத்தில் கிடந்தன.

அடுத்த தையில் உங்கள் மாமா வந்து அமைந்தார். கூட்டம் வேறு, கட்டம் நிரம்பித்தான் வந்தார். அவர் எவ்வளவு நல்லவர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முந்திய நாளே பரமத்தி வேலூரிலிருந்து கூடை கூடையாக வெற்றிலை வந்து இறங்கியது. கூடவே அந்தப் பையனும் வந்தார். சொன்னபடியே அண்ணனாக நின்று எல்லா வேலையும் பார்த்தார். நீங்கள் வேலூர்ச் சித்தப்பா என்று கூப்பிடுகிறீர்களே, பொங்கலுக்குப் பொங்கல் வெற்றிலையும் வாழைத்தாரும் கொண்டுவருகிறாரே, அவர்தான். அவருக்கு இது எதுவும் தெரியாது. நீங்களும் சொல்ல வேண்டாம்.

கல்யாணப் பந்தியில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்த இலைக்கு அவர்தான் பரிமாற வந்தார். கையில் பாயச வாளி. உங்கள் அத்தை இலையைப் பார்த்தபடியே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"எனக்கு ரசம் போதுங்கண்ணா."